காசீம் நானா நிறுத்திய மோட்டார்

வெள்ளிக்கிழமை பகல் கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் காசீம் நானா மௌத்தாகிவிட்டார் என்று சொன்னார். நான் துறையைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தக் குறை தீர, அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தை அண்டிய எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் அவர் எலெக்ற்றீசியன், நான் பொறுப்பதிகாரி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் வாய் எனக்குத்தான் நீளம். மின்பெட்டியைத் திறந்தால், வேலை நடக்கும்போது வேறு யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாதபடி பியூஸ்களைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஒருமுறை அவற்றோடு பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். திரும்பி வந்தவரைப் பிடித்து ஏசினேன். "என்ட உசிர மத்த ஆள்ட கையில குடுத்துட்டுப் போறதில்ல, சேர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளின் பிற்பாதியில் எங்கள் பெரிய மோட்டார் அளவுக்கு மீறிச் சூடேறத் தொடங்கியது. அது இழுக்கும் மின்னோட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் தாளில் பதியும் ஒரு பெட்டியைத் தலைமையகம் அனுப்பியது. மூன்று நாள் பதிவு போனால்தான் புது மோட்டார் வரும். மோட்டாரின் முழு மின்னோட்டத்தையும் அந்தப் பெட்டி தாங்காது. கேபிளைச் சுற்றியிருந்த மின்மாற்றி அதைக் குறைத்து, சின்ன வயர் ஒன்றால் மீட்டருக்கு அனுப்பும். அந்த வயரில்தான் பெட்டியை இணைக்க வேண்டும்.

குச்சவெளி, இறக்கக்கண்டிப் படகுகள் ஐஸுக்குக் காத்து நின்றன. மோட்டாரை நிறுத்தினால் பாதி உறைந்த ஐஸ் இளகும். ஐந்து அம்பியர் போகிற வயர்தானே என்று, மோட்டார் ஓட ஓடவே அதைக் கழற்றத் திருகாணியில் கை வைத்தேன். சட்டென்று சத்தம் அடங்கியது. காசீம் நானா நிறுத்திவிட்டார்.

எல்லோர் முன்னிலையிலும் மடையன் என்று ஏசினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஓடக்குள்ள அந்த வயரக் கழட்ட ஏலா, சேர். கை வைக்கிறது நீங்க. பியூசும் உங்கட பையிலதான் இருக்கணும்."

பியூஸ்களைக் கழற்றி என் பையில் போட்டார். நான் இணைத்து முடித்த பிறகு ஒவ்வொரு திருகாணியையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை ஓட விட்டார்.

அன்று மாலையே, அனுமதியில்லாமல் மோட்டாரை நிறுத்தினார் என்று தலைமையகத்துக்கு எழுதிப் போட்டேன். மறுநாள்தான் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். மோட்டார் ஓடும்போது அந்த வயரைக் கழற்றினால் அதன் முனையில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் ஏறும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் எப்போதோ படித்ததுதான், அவசரத்தில் மறந்திருந்தேன். உடனே, அவர் செய்ததுதான் சரி என்று இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதம் முந்திக்கொண்டது. அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது.

அதை மடித்து வைத்துக்கொண்டு நின்றவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அவரே சொன்னார்: "நீங்க உசிரோட இருக்கிறதாலதானே சேர், எழுதினீங்க."

பதிவு போனது, புது மோட்டாரும் வந்தது. அதற்குப் பிறகும் அவர் என்னோடு முன்போலவே கதைத்தார், சிரித்தார். அந்தக் கடிதத்தைப் பற்றிய பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. எனக்குத்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு என் மகள் பிறந்தாள். இப்போது முதலாம் வகுப்பில் படிக்கிறாள். காசீம் நானா எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்பவர்களுக்கு அவளைத்தான் காட்டுவேன்.