காலால் பிறந்தவன் பார்த்த வைத்தியம்

போன சித்திரையில், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது.

நான் தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. படிக்காமலே எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான். இடுப்புப் பிடிப்பு, முதுகுப் பிடிப்பு என்று வருகிறவர்களுக்காக என் செல்போன் கடையிலேயே ஒரு பாய் வைத்திருந்தேன். குப்புறப் படுக்கச் சொல்லி, லேசாக மிதித்து, ஜோக் சொல்லி அனுப்புவேன். சதைப் பிடிப்பு ரெண்டொரு நாளில் தானாகவே விட்டுவிடும். பெயர் என் காலுக்கு.

எதிர்வீட்டு அக்கா பட்டு நெய்கிறவர். தங்கையின் கல்யாணத்துக்குத் தன் கையாலேயே முகூர்த்தப் புடவை நெய்துகொண்டிருந்தார். முந்தானை மட்டும் பாக்கி. ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தோடு வாசல்படி இறங்கும்போது கணுக்கால் மடங்கி விழுந்துவிட்டார். அவர் கணவர் ஆட்டோ கூப்பிடக் கிளம்பினார். நான் விடுவேனா?

"இன்னாண்ணே, எதிர்ல என்ன மாதிரி ஒரு ஆஸ்பத்திரிய வெச்சிக்கினு எங்க கெளம்பிட்ட? வெறும் சுளுக்குதான்."

"வீங்கிக்கினே இருக்குதுபா."

"என்னப் பாத்த சந்தோஷத்துல பூரிச்சுப் போயிருக்குதுண்ணே."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வலியோடு அக்காவும் சிரித்தார். எனக்கு அது போதாதா? நல்லெண்ணெயைச் சூடாக்கி அழுத்தித் தேய்த்தேன். பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. உள்ளே 'களுக்' என்றது.

"உக்காந்துச்சு பாத்தியா? போயி தறிய மிதி அக்கா."

என்னை நம்பி அவர் போய் மிதிகட்டையில் காலை வைத்தார். வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு சாய்ந்தார்.

ஆட்டோவில் நானும் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி போவதற்குள் கணுக்கால் நீலம் பாரித்துவிட்டது. எலும்பு தப்பித்தது, மூட்டைப் பிடித்திருக்கும் நார்தான் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. சதைப் பிடிப்பு என்றால் அந்தச் சதையில்தான் வலிக்குமாம், இழுத்துப் பிடிக்குமாம். மூட்டு பிசகினால் மூட்டைச் சுற்றி வீங்கும், காலை ஊன்ற முடியாது. ஐஸ் ஒத்தடம் வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்து ஓய்வெடுக்க வேண்டும். சூடாகத் தேய்க்கவோ இழுக்கவோ கூடவே கூடாது.

"கிழிஞ்சத இழுத்து இன்னும் கிழிச்சிருக்கீங்க. யாரு இழுத்தது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதான் இழுத்துக்கினேம்மா."

எனக்கு வரவேண்டிய திட்டையெல்லாம் அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி போஸ்டரை ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குள் முந்தானை முடியவே இல்லை. தங்கை கடையில் வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு மணமேடை ஏறினாள். அக்கா கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்தி பரிமாறும் சாக்கில் நான் மண்டபத்தின் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது யார் வந்தாலும், வலி சதையிலா மூட்டிலா என்று கேட்டு, மூட்டில் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று எதிர்வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "காபி குடிக்கிறியாபா?" என்கிறார் அக்கா. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருப்பேன். திட்டாமலே விட்டுவிட்டதால், அவர் வீட்டுக் காபியை இன்றுவரை என்னால் தலைநிமிர்ந்து குடிக்க முடியவில்லை.