கதியாலில் குந்திய தும்பிகள்

விதைப்பு நாளன்று வயலில் நின்றவர்கள் ஐயா, அவருடைய தம்பியான குஞ்சியப்பு, நான். அம்மா இல்லை. மாதவிலக்கென்று வளவு மூலைக் கொட்டிலில் தனியே இருந்தார். அந்த நாட்களில் விதைநெல்லின் மேல் அவருடைய நிழலும் விழக்கூடாது.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. முதல்நாள் தூறலில் மேல்மண் மட்டும் நனைந்திருந்தது. தொடர்ந்து பெய்தால் பயிர். பெய்யாவிட்டால் முளைத்த நெல் கருகிவிடும். வீட்டில் வேறு விதைநெல்லும் இல்லை.

ஐயா யோசித்துக்கொண்டு நின்றபோது குளக்கரையிலிருந்து தும்பிகள் கூட்டமாகக் கிளம்பின. எல்லாம் மஞ்சள்.

"அண்ணை, உதைப் பாருங்கோ! மழைத்தும்பி. நாளைக்கு வெள்ளம்தான்!" என்று குஞ்சியப்பு விதைநெல் இருந்த கடகப்பெட்டியைத் தூக்கினார்.

நான் இந்த நல்ல செய்தியோடு அம்மாவிடம் ஓடினேன். அவர் மகிழவில்லை.

"கதியாலிலை குந்துதோ, குந்தாமல் பறக்குதோ? பாத்துக்கொண்டு வா."

வேலியில் நட்ட கதியால் தடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தும்பி சிறகை விரித்துக் குந்தியிருந்தது. திரும்பி ஓடிவந்து சொன்னேன்.

"அப்ப அது எங்கடை குளத்துத் தும்பி. மழைத்தும்பி பகலிலை குந்தாது. விதைக்க வேண்டாமெண்டு ஐயாட்டைச் சொல்லு."

சொன்னேன். குஞ்சியப்பு சிரித்தார். "கொட்டிலுக்குள்ளை இருந்து உன்ரை அம்மா தும்பிக்குச் சாதகம் பாக்கிறாவோ? களைச்சால் அதுகளும் குந்தாதோ?"

ஐயா கொட்டில் பக்கம் ஒருமுறை பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. விதைத்தார்.

குளத்துத் தும்பி குஞ்சாகச் சேற்றில் கிடந்து, கோரைத் தண்டில் ஏறி, தோல் வெடித்து வெளியே வருகிறது. பின்னால் சிவக்கப்போகிற ஆணும் புதிதில் மஞ்சள்தான். மழைத்தும்பியோ காற்றோடு கடல் தாண்டி வந்து மழைநீரில் முட்டையிடுவது. நிறம் ஏமாற்றும், குந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்தபோது, எங்கள் வீட்டில் முன்பே ஒருவருக்குத் தெரிந்த சங்கதி என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன?

நெல் முளைத்தது. பிறகு வெயில். குளத்தில் மிஞ்சிய கலங்கல் தண்ணீரை இறைத்து இறைத்து ஐயாவுக்கும் குஞ்சியப்புவுக்கும் கை ஓய்ந்தது. நானும் குடத்தில் சுமந்தேன். உண்மையான மழை வந்தபோது வயல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது.

நனைந்து வந்த ஐயா தலையைக்கூடத் துவட்டாமல் அம்மாவைக் கேட்டார்: "அவ்வளவு தெரிஞ்ச நீயே எழும்பி வந்து மறிச்சிருக்கலாமே?"

"வந்திருந்தால், பயிர் கருகினதுக்கு என்ரை தீட்டைத்தானே சொல்லியிருப்பியள்?"

ஐயா துவாயை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார். அம்மா வென்றுவிட்டார் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

மறுநாள் ஐயா சாவகச்சேரிக்குப் போய் மறுவிதைப்புக்கு நெல் வாங்கி வந்தார். இரண்டு மூட்டை. அதற்குக் கொடுத்தது அம்மாவின் பொன்காப்புச் சோடி.