ரிவெட்டுகளின் மேல் இருபத்தாறு வருஷப் பெயிண்ட்

அவரை எல்லோரும் டபுள் கோட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் மேல் நூற்றுப்பத்து வருஷமாக நிற்கும் இரும்புப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. மற்றவர்கள் ஒரு கோட்டு அடிக்கிற இடத்தில் அவர் இரண்டு கோட்டு அடிப்பார். வீட்டு ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி, பெண்டாட்டியின் தையல் மெஷின் மேஜை எல்லாமே பாலத்தின் சாம்பல் நிறம்தான். பெயிண்ட் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவேண்டாம்.

பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும், பழையதை வைப்பதா பிரிப்பதா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த அந்தச் சட்டங்களைப் பிடித்து நிறுத்துவது ரிவெட்டு ஆணிகள். அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். இறுகியிருந்தால் கணீரென்று கேட்கும், தளர்ந்திருந்தால் மொத்தென்று சத்தம் வரும். தட்டிய நானூறில் முந்நூறு மொத்தென்றன. பிரித்துவிட வேண்டியதுதான் என்றார்.

அவை ஏன் மொத்தென்றன என்று டபுள் கோட்டுக்குத் தெரியும். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது அடிக்கவேண்டும். சுரண்டுவது இடுப்பை ஒடிக்கிற வேலை. மனுஷர் ஒருநாளும் சுரண்டியதில்லை. மனசு உறுத்தியதால்தான் அந்த இரண்டாவது கோட்டே. இருபத்தாறு வருஷப் பெயிண்ட் ஒவ்வொரு ரிவெட்டின் தலையிலும் கம்பளிக் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. சத்தம் எப்படி வரும்?

உண்மையைச் சொன்னால் அது வேலைக்கே உலை வைத்துவிடும் என்று வீட்டில் புலம்பினார். பெண்டாட்டி மெஷினை நிறுத்தவில்லை.

"சொல்லலைன்னா மட்டும் என்ன? பாலமே இல்லாம எதுக்குங்க பெயிண்ட் அடிப்பீங்க?"

மறுநாள் காலையில் இன்ஜினியர் அம்மாவிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். அந்தம்மா திட்டவில்லை, சுரண்டியை எடுத்து நீட்டினார். மொத்தென்று ஒலித்த ரிவெட்டுகளில் ஒன்றை, வெறும் இரும்பு தெரியும்வரை டபுள் கோட்டு சுரண்டினார். இன்ஜினியர் தட்டினார். ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது. டபுள் கோட்டுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்துகொண்டு கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் நாற்பது ரிவெட்டைச் சுரண்டித் தட்டினார்கள். தளர்ந்தவை இரண்டே இரண்டு. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் பாலத்தை விட்டுவைக்கலாம் என்று எழுதப்போவதாகச் சொன்னார் இன்ஜினியர்.

"ஆனா முழுப் பாலத்தையும் சுரண்டியாகணும். அது நீங்கதான்."

"ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கு மேடம்," என்றார் அவர், அடுத்த ரிவெட்டின் மேல் சுரண்டியை வைத்தபடி. "அதுக்குள்ள முடிச்சிடறேன்."