அப்பாவுக்கு மாலை போட்ட நாள்

மருமகன் பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தபோது, ஒரு சாயங்காலம் டிவியில் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே உட்கார எனக்குக் கூச்சம். அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஆட்டம் முடிவதற்குள்ளேயே ஒரு நெட்டையான ஆளை வெளியே கூப்பிட்டார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தார்.

"பெலாரஸ்னு ஒரு நாடு, அத்தை. அந்த ஊருக்காரரு. எங்கெங்கியோ ஆடிட்டு, கடைசியா எங்க ஊரு டீமுக்கு வந்தாரு. பேக் ஆடறவரு. இன்னியோட ரிடையர்."

"நெறைய கோல் போட்டாரா?" என்றாள் என் மகள்.

"பேக் எங்க கோல் போடறது? போட வர்றவன நிறுத்தறதுதான் அவரு வேல."

என்னை அறியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "நாளைக்கி அவருக்கு வேல இருக்குதாப்பா?"

மருமகன் சிரித்தார். "அவங்களுக்கு இன்னா அத்தை, காலத்துக்கும் உக்காந்து சாப்புடலாம்."

நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

என் அப்பாவும் பேக் ஆடினவர். எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். மில்லில் அப்பாவை எடுத்ததே பந்துக்காகத்தான். அவருக்குத் தறி ஓட்டத் தெரியாது. பேருக்கு நூல் மூட்டை தள்ளுவார், ஞாயிற்றுக்கிழமை மில்லுக்காக ஆடுவார், வெறுங்காலோடு. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்பாவை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. நீ ஏன் கோலே போடுவதில்லை என்று கேட்டால், "நான் போடறவன் இல்லம்மா, போட உடாதவன்" என்பார்.

அந்த வருடம் அவருடைய வலது முட்டி வீங்கிப்போயிருந்தது. தினமும் ராத்திரி அம்மா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். கால் போனால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் மாமா, அம்மாவின் தம்பி, ஓடி வந்து சொன்ன சேதியை அப்படிப் பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"யக்கா, ஞாயித்துக்கெழம ஆட்டத்துல மச்சானுக்கு மாலை போடப்போறாங்களாம்! மில்லு தொரையே போடறாராம்!"

"இன்னாத்துக்குடா?"

"சும்மாவா போடுவான் வெள்ளக்காரன்? மேஸ்திரி ஆக்கப்போறாங்க."

தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தாள்.

"மேஸ்திரி ஊட்டு மீனு வாசன தெருவையே தூக்குது. நாளைக்கி எங்களயெல்லாம் கண்ணு தெரியுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போடி, கண்ணு வைக்காத" என்று சொல்லும்போதே அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. அப்பா குனிந்து கால் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

மாமா என்னைத் தோளில் உட்கார்த்தி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். குருசுக்குப்பத்துப் பையன்கள் எதிரணி. பாதி ஆட்டத்தில் ஊதல் ஊதி நிறுத்தினார்கள். துரை வந்து மாலை போட்டு, கைகுலுக்கி, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், மாமா விசில் அடித்தார். நானும் மாமாவின் தலையிலேயே தட்டினேன். மாலையோடு அப்பா வெளியே நடந்து வந்தார். அவர் நின்ற இடத்துக்கு மீசை முளைக்காத ஒருவன் ஓடினான்.

மாமா யாரிடமோ ஏதோ விசாரித்தார். அதோடு அவர் விசில் அடிப்பது நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது மாலை என் கழுத்தில். சம்பங்கி மாலை, என் கால் வரைக்கும் தொங்கியது. வாசலில் அம்மா ஆலம் சுற்றினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எப்போதும் முதல் ஆளாகச் சாப்பிட உட்காரும் மாமா, பசியில்லை என்று போய்விட்டார்.

நடுத்துண்டாகப் பார்த்து அப்பாவுக்கு வைத்தாள் அம்மா. "தறிப்பக்கமா, நூல்பக்கமா? எந்தப் பக்கத்துக்கு மேஸ்திரி?"

"சொல்லுவாங்க."

"எப்ப சொல்லுவாங்களாம்?"

"மீனு நல்லாருக்கு" என்றார் அப்பா.

மறுநாள் விடியற்காலையில் மில் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் அப்பா எழுந்துவிடுவார். அவர் படுத்த இடம் எனக்குச் சில்லென்று ஆகிவிடும். அன்றைக்கு ஆகவில்லை. தொட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.

"யப்பா, சங்கு ஊதிட்ச்சு."

"அது எனக்கில்லம்மா. நீ தூங்கு."

சோறு கட்டிய தூக்கோடு அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள் உள்ளே திரும்பிப் போகவில்லை.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மேஸ்திரி ஆகிவிட்டால் சங்குக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது, இனிமேல் அப்பா தினமும் இப்படியே பக்கத்தில் படுத்திருப்பார் என்று நினைத்து, அவர் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன்.