அப்பாவின் மிஸ்டு கால் வராத காலை

அப்பா வயலில் விழுந்து கிடந்த காலையில், ஒன்றரை மணி நேரம் என் கைபேசி என் கையில்தான் இருந்தது. இதை நான் ஏழு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா போன பிறகு அப்பா பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தனியாக இருந்தார். நான் வேறு மாநிலத்தில், விண்கலங்களைப் பற்றிய வேலையில் இருந்தேன். தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய் சுவிட்சைப் போட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு மணி, உடனே கட். நான் எடுக்கக்கூடாது. பேசுவதற்குத் தனியாகக் காசு ஆகாது என்ற காலம் வந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. கேட்டால், "அடிச்சா இருக்கேன்னு அர்த்தம். பேச என்ன இருக்கு?" என்பார். ஒருநாள் தெரியாமல் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

நாளாக ஆக, அழைப்பது அவர் வேலை, பார்த்துக்கொள்வது என் வேலை என்று ஆகிவிட்டது. நானாக அவரை அழைத்த காலை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே போன கலத்தைத் திரும்பக் கொண்டுவந்து, துடைத்துச் சரிபார்த்து மறுபடியும் அனுப்புவது என்றால், அது முழுதாக வந்து சேர வேண்டும். வரும் வழியில் அது சில நிமிடங்கள் ஊமையாகிவிடும். காற்றுக்குள் அவ்வளவு வேகத்தில் நுழையும்போது முன்னால் உள்ள காற்று நசுங்கி, சூடேறி, கலத்தைச் சுற்றி எரியும் உறையாகிவிடுகிறது. அந்த உறையைத் தாண்டி ரேடியோ அலை வெளியே வராது. அந்த ஊமை நேரம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று கணக்குப் போடும் குழுவில்தான் நான் இருந்தேன். ஒத்திகைகளில் புதிதாக வந்தவர்கள் திரை வெறுமையானதும் பதறிப்போவார்கள். நான் அவர்களிடம், நேரம் முடியும்வரை எதுவும் முடிவாகாது, கலம் தன் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும் என்று சொல்வேன். என் நிதானத்தை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தோடுதான் அன்று காலை உட்கார்ந்திருந்தேன். ஆனி மாதம், குறுவை நடவு நேரம். ஆறரைக்கு மணி அடிக்கவில்லை. முந்தின நாள் அங்கே காற்றும் மழையும் என்று கேள்விப்பட்டிருந்தேன், டவர் போயிருக்கும் என்று நினைத்தேன். ஏழு மணிக்குக் காபி போட்டேன். ஏழரைக்குத் தோசை சாப்பிட்டேன். ஒரு தடவை அவர் எண்ணை எடுத்துப் பார்த்தேன். அப்புறம், வரும்போது வரட்டும், சிக்னல் இல்லாத நேரத்தில் பதறுவது புதுசாக வந்தவர்கள் செய்வது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கைபேசியைக் கீழே வைத்தேன். அப்பாவுக்கும் தெரிந்த வழக்கப்படி, எட்டு மணிக்கு அலுவலக வாசலில் எல்லோரையும் போல அதைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் வெளியே வந்தபோது சித்தப்பாவிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் அப்பா விழுந்து கிடந்திருக்கிறார். பக்கத்து வயலில் விடியற்காலையிலிருந்தே நடவு நடந்துகொண்டிருந்தது. வடக்கேயிருந்து வந்த ஆட்கள். கொட்டகை மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்குமேல் சாப்பாட்டுக்குக் கரையேறியபோதுதான் பார்த்திருக்கிறார்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் போட்டுப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பா என்னைத் தேற்றினார். "உன் ஆபீஸ்ல போனை வாங்கி வச்சிருவாங்களாமே. நீ என்னம்மா பண்ணுவே?"

"ஆமா சித்தப்பா. நேத்து ஆறு மணிக்கே குடுத்துட்டேன்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. அப்பா அப்போது பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மை போலவே ஆகிவிட்டது, பகலில் மட்டும். ஊருக்கு வரும் நாட்களில் அவரைக் குளிப்பாட்டும்போதும், சட்டைக்குள் அந்தக் கையை நுழைக்கும்போதும் நெஞ்சை அறுக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்குக் கிடைக்கும்.

தை மாதம் விடுப்பில் வந்திருந்தேன். சம்பா அறுவடை முடிந்து தார்ச்சாலை நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வெளிநாட்டுக் கலம் ஒன்று திரும்பி இறங்கவிருந்தது. சிறகு வைத்தது; ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த அதே கலம்தான் இந்தத் தடவையும் போயிருந்தது. டிவியில் போட்டு, அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். முதலில் வெறும் ஓடுபாதையைத்தான் காட்டினார்கள். நீளமாக, ஒரு தூசி இல்லாமல் கிடந்தது.

"எவ்வளவு நெல்லு காயப்போடலாம்" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லாக. சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழு மாதத்தில் அவர் அடித்த முதல் கிண்டல் அது.

சித்தப்பா தார்ப்பாய் போர்த்தக் கிளம்பிப் போனார். நான் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏறும்போது ராக்கெட் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடும். திரும்பும்போது கலம் தன் வாலை முன்னால் திருப்பிக்கொண்டு, போகும் திசைக்கு எதிராக எஞ்சினைக் கொஞ்ச நேரம் எரிக்கும். வேகம் சற்றுக் குறைந்தால் போதும், பூமி இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி திரும்பி, சூடு தாங்கும் ஓடு பதித்த வயிற்றைக் காட்டிக்கொண்டு காற்றுக்குள் நுழையும். மிச்ச வேகத்தைக் கரைக்க இடமும் வலமுமாகச் சாய்ந்து வளைந்து வரும். கடைசியில் எஞ்சின் துணையே இல்லாமல் மிதந்து இறங்கும். பாதையைத் தவறவிட்டால் மேலே ஏறி இன்னொரு சுற்று வர முடியாது. அப்பா கவனமாகக் கேட்டார். திரையில் கலத்தின் உயரத்தையும் வேகத்தையும் காட்டிக்கொண்டிருந்த எண்கள் மாறாமல் நின்றன. சிக்னல் போய்விட்டது, இது எதிர்பார்த்ததுதான், சில நிமிடம் ஆகும் என்றேன்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சத்தமே வரலேன்னா... நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கூப்பிட்டுக்கிட்டே இருப்போம்ப்பா" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில், ஆனால் அதுதான் உண்மை. ஊமை நேரம் என்று தெரிந்தாலும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. கலம் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கணித்து, ஆன்டெனாவை அங்கே திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பதில் வராது என்று தெரிந்தே திரும்பத் திரும்ப அழைப்பார்கள். என் தொழிலில் பாதியை மட்டும் எடுத்து என் சோம்பலுக்குச் சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன் என்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு விளங்கியது.

அப்பா இடது கையைத் தூக்கிச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "இதுலதான் போன் இருந்துச்சு. குப்புறக் கெடந்தேன், எடுக்க முடியல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "போன் அடிச்சிருந்தா நடவுக்காரங்களுக்குக் கேட்டுருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும் என்று சொல்வது போலச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அவருடைய உணர்வில்லாத கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நான் சொன்னது பொய். அன்னிக்குப் போன் என் கையிலதான் இருந்துச்சு. நீங்க அடிக்கலைன்னு தெரிஞ்சும் நான் கூப்பிடல."

டிவியில் கலத்தின் சிக்னல் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்மா" என்றார். "எட்டு மணி பஸ்ஸு ஹாரன் அடிக்கிற வரைக்கும் எதிர்பாத்தேன். அப்புறம் நீ போனை உள்ள குடுத்துருப்பேன்னு விட்டுட்டேன்."