ஞானம் அண்ணனை விழுங்கிய கெர்னல்

போன சனிக்கிழமை காலை பிலோமினா அக்காவிடமிருந்து போன். ஹலோ இல்லை, நலமா இல்லை...

"இன்னா தம்பி இது? அவரு பேசிகினே இருந்தாரு. கபால்னு ஆளக் காணோம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அவரு' என்பது அக்காவின் கணவர் ஞானப்பிரகாசம். ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. மறுநாள்தான் சர்ச்சில் நினைவுத் திருப்பலி!

விஷயம் இதுதான். வடசென்னையில் உழைத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து, தேதி போட்டுச் சேர்த்து வைப்பது என் பொழுதுபோக்கு. என் தேதிப் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு புத்தகம் வாங்கினால்கூட, என்றைக்கு, எங்கே, அன்று மழையா வெயிலா என்று முதல் பக்கத்தில் எழுதி வைக்கிற ஆள் நான். ஞானம் அண்ணன் உயிரோடு இருந்தபோது அவரையும் பதிவு செய்திருந்தேன். திருப்பலி முடிந்து வீட்டுக்கு வரும் சொந்தங்களுக்குப் போட்டுக் காட்ட அக்கா ஒரு காப்பி கேட்டார். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்... கேட்டுப் பார்க்காமலேயே.

"எந்த இடத்துல காணோம் அக்கா?"

"செவப்பு துண்டு கதைல. வேற எது பூட்டாலும் பரவால்ல தம்பி. அத்த மட்டும் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. உன்னாண்ட சொல்லிகினு இருந்தாரு, நானு சமையல்கட்டுல இருந்தேன். குக்கரு விசிலடிச்சி... பாதிதான் காதுல வுழுந்திச்சி."

மறுபடி ஒரு காப்பி எடுத்துக் கேட்டேன். அக்காவுக்குக் கேட்காத தொடக்கம் இதில் வந்துவிட்டது. ஆனால் முடிவைக் காணோம்! அதற்கு முன்னால் இருந்த புயல் நாள் கதையிலும் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டை என்றால் கரகர சத்தம்கூட இல்லை. சுத்தமான அமைதி.

அசல்? ரெக்கார்டரின் கார்டை அடுத்த ஆளுக்காக எப்போதோ அழித்தாயிற்று. இருப்பது என் திருவொற்றியூர் வீட்டு மாடியில் உள்ள சேமிப்புப் பெட்டியில் மட்டும்தான். அந்தப் பெட்டிக்குத் திரையும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. நெட்வொர்க் வயர் வழியாகக் கம்ப்யூட்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கார்டை அழிக்கும் முன் ஃபைலின் அளவைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன். இரண்டும் கச்சிதம். தேதி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புகிற ரகம் நான்!

வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பரின் மகள் நஸ்ரினைக் கூப்பிட்டேன். அவளுக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் கெர்னல் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அஸ்திவாரம். டிஸ்க், வயர், மெமரி எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற நிரல்.

ஸ்கூட்டரை நிறுத்தும்போதே புலம்பிக்கொண்டு வந்தாள். "டோல்கேட்ல டிரெய்லர் லாரிங்க நவுரவே இல்ல அங்கிள். சரி, இது எப்போலேர்ந்து?"

இந்தக் கேள்விக்காகத்தானே நான் பிறந்திருக்கிறேன்! "ஈஸ்டர் முடிந்த செவ்வாய் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தேன். அதற்கு முன், குருத்தோலை ஞாயிறன்று வேறொருவருக்கு எடுத்துக் கொடுத்த காப்பியில் ஒரு குறையும் இல்லை."

"அப்போ பெட்டி நல்லா கீது. ஓட்ட வேற வேற எடத்துல வருது பாருங்க. உள்ள இருக்கிறது போவல, வர்ற வழியில தான் பூடுது. புது கெர்னல் தான் கேடி. பழைய கெர்னல் வெச்சிருக்கீங்களா?"

"இடத்தை அடைக்கிறதென்று... அழித்துவிட்டேன்."

நஸ்ரின் என் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற பழசெல்லாம் சேத்து வெச்சிட்டு, இத்த மட்டும் அழிச்சிட்டீங்களா?"



"ரெண்டு காப்பியையும் ஒட்டித் தைத்துவிடலாமா?" என்று பேச்சை மாற்றினேன்.

"தைக்கலாம். ஆனா எது அவரே சும்மா இருந்த எடம், எது கெர்னல் முழுங்கின எடம்னு எப்டி கண்டுபுடிப்பீங்க? பழசத் திரும்ப எறக்கினாலும் அடுத்த அப்டேட்ல இதே பேஜாரு தான். தப்பு எங்கன்னு பாத்துடலாம்."

பார்த்தாள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பார்த்தாள். பெட்டியும் கம்ப்யூட்டரும் வயரில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டாள். அக்கா கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, இறால் வறுவல் டப்பாவோடு வந்து உட்கார்ந்த நேரத்தில் "புட்ச்சிட்டேன்!" என்று கத்தினாள்.

"ஹார்பர் கேட்டுல நிக்கிற ஆளுன்னு வெச்சிக்கோங்க. பத்து கன்டெய்னர் வேணும்னு உள்ள கேக்குறான். யார்டு பிஸி. 'இப்போ ஏழு தான், மீதி அப்புறம்'ங்கிறாங்க. பழைய ஆளுன்னா மீதிக்குத் திரும்பக் கேப்பான். இந்தப் புது ஆளு, 'ஓ, கப்பல் காலி'ன்னு அவனா முடிவு பண்ணி, மூணு காலிப் பெட்டிய சேத்து சீல் வெச்சி அனுப்பிடுறான். எண்ணிக்க சரி. சீல்ல தேதியும் சரி."

கடைசி வாக்கியம் எனக்காகவே சொன்னது.

யோசித்துப் பார்த்தால், இந்தக் கெர்னல் நமக்குத் தெரியாத ஆளா என்ன? என் பழைய ஆபீஸ் மேனேஜர் இப்படித்தான். லீவு கேட்டு வாக்கியத்தை முடிப்பதற்குள் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். டிவி விவாதங்களில் உட்கார்ந்திருப்பவர்கள்? போனில் எதிராளி ஒரு நொடி தயங்கினால் "சரி, வெச்சிடறேன்" என்கிற நாம்? பாதி வந்ததுமே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்...

நஸ்ரின் திருத்தியது சில வரிகள்தான். வந்தது குறைவா? ஃபைல் நிஜமாகவே முடிந்துவிட்டதா பார். முடியவில்லையா? மீதியைக் கேள்.

புதுக் கெர்னல் தயாராகும் நேரத்தில், திருத்தத்தை அதன் பொறுப்பாளர்களுக்கு அனுப்பக் குறிப்பு எழுதினாள். எங்கெங்கோ இருப்பவர்கள் அதைப் பார்த்து, நூறு கேள்வி கேட்டு, பிறகுதான் சேர்ப்பார்களாம். பிழையை முதலில் சொன்னவர் பெயரும் அதில் இருக்குமாம். "அங்கிள், உங்க பேரு போடவா?"

"அக்கா பெயரைப் போடு. தேதியோடு."

"எம் பேரா? இன்னாத்துக்கு?" பிலோமினா அக்கா பதறினார். "எதுனா கேஸு கீஸு ஆயிடப்போவுது!"

"கேஸெல்லாம் இல்ல ஆன்ட்டி. ஒங்களால தான் மத்தவங்க ஃபைலெல்லாம் பொழைக்கப்போவுது. டப்பாவ இந்தப் பக்கம் தள்ளுங்க."

கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. பதிவை ஓடவிட்டேன். ஞானம் அண்ணன் குரல்.

"கிரேன் மேல குந்தினா எங்க வூட்டு மொட்ட மாடி தெரியும் தம்பி. மீன் கொழம்பு வெச்சா பிலோமி செவப்பு துண்டு காயப்போடுவா. கேன்டீன் பக்கமே போவ மாட்டேன், நேரா வூடு தான். ஒரு நாளு செம சண்ட. மூஞ்சத் தூக்கி வெச்சிகினா. நானும் பேசாம வந்துட்டேன். மேல ஏறிப் பாக்குறேன்... துண்டு தொங்குது! கோவம் தனி, சோறு தனி அவளுக்கு. அன்னிக்கு கண்ணுல தண்ணி வந்துட்சி தம்பி. மேல யாரும் இல்ல, அதனால பரவால்ல."

அப்புறம்... அமைதி.

மறுபடியும் ஓட்டையா! நஸ்ரின் கை கீபோர்டுக்குப் போனது. நான் நிறுத்தப் போனேன்.

"கைய எடு தம்பி," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூச்சு வாங்கிகினு கீறாரு. இன்னும் முடிக்கல."

காத்திருந்தோம்.

"...ஆனா உப்பு தான் எப்பவும் ஜாஸ்தி," என்றார் ஞானம் அண்ணன்.

பதிவில் குக்கர் விசிலடித்தது. சமையல்கட்டிலிருந்து அக்காவின் அன்றைய குரல்: "இன்னா? இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லடி, ஒன் சமையலத்தான் புகழ்ந்துகினு கீறேன்!"

"அடப்பாவி மனுசா!" அக்கா திரையைப் பார்த்துக் கத்தினார். "இத்தினி நாளு கழிச்சி மாட்டினியா!" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நஸ்ரின் வறுவல் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பூசை முடிந்து ராயபுரத்தில் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டோம். பிறகு சாப்பாடு. மீன் குழம்பு. உப்பு எப்படி என்று அக்கா என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

நானும் ஞானம் அண்ணனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.