மரியாதைக்குப் பத்து மார்க்

மனநல மருத்துவமனையில் முப்பது வருடம் நோயாளிகளைக் குளிப்பாட்டிப் படுக்கை விரித்த ஆயாவை, பயிற்சி டாக்டர்களின் பரீட்சைக்கு நோயாளியாக நடிக்க உட்கார வைத்திருந்தார்கள். நாடகம் இதுதான்: மருமகன் மேல் தீராத ஆத்திரம், தலையணைக்கு அடியில் கத்தி. கேட்டால் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மூச்சு விடக் கூடாது.

நடிக்க அவள் சிரமப்படவில்லை. நிஜ மருமகன் மூன்றாம் வார்டில் கிடந்தான். அவன் வெட்டியதில் மகளின் தோளில் பதினோரு தையல். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஈயைக்கூட அடிக்காதவர்கள். அடிக்கப் போகிற ஒருவனைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இன்று தேறுகிறவர்தான் திங்கட்கிழமையிலிருந்து அந்த வார்டில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுவார்.

முதலில் வந்தவன் பேச்சில் தேன் ஒழுகியது.

“வணக்கம்மா. தூக்கமெல்லாம் எப்படி?”

“மருமகனை நெனச்சா வயிறு எரியுதுப்பா.”

“கோவம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

என்ன செய்யத் தோன்றுகிறது, கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. ‘வயதானவர், ஆபத்தில்லை’ என்று எழுதிவிட்டுக் கும்பிட்டுப் போனான்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டரம்மா கூட்டிப் பார்த்தார். “நாப்பத்தி மூணு. அம்பது வந்தா பாஸ். மரியாதைக்குப் பத்து மார்க், அது நீங்க போடுறது. எவ்வளவு ஆயா?”

“முட்டை.”

“கும்பிட்டுட்டுப் போச்சே அந்தப் பிள்ளை!”

“கும்பிட்டா? இந்தக் கிழவி என்னத்தக் கிழிச்சிடுவான்னு நெனச்சான். அதுக்குப் பேரு மரியாதையா? எரியுதுன்னு வாயத் தொறந்து சொன்னேன். காதுல போட்டுக்கிட்டானா?”

“ஒரு வருஷம் வீணாப் போயிடும் அவனுக்கு.”

“என் மவளுக்குக் கையே தூக்க முடியல. போன தடவை இப்படித்தான் ஒருத்தன் இனிக்க இனிக்கப் பேசி அவ புருஷனை வீட்டுக்கு அனுப்பினான். எழுதுங்கம்மா.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். திறந்தார். பூஜ்யம் போட்டார்.

வெளியே விஷயம் தெரிந்ததும் பையன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். “பெட்ஷீட் மடிக்கிறவ என்னை பெயிலாக்குறதா?”

“ஆமாண்டா, நான்தான். போய்ப் படிச்சிட்டு வா.”

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். ஆயா கலைந்த முடியை முடிந்துகொண்டாள்.

“அடுத்த ஆள வரச் சொல்லுங்கம்மா. திங்கக்கிழமைக்குள்ள ஒருத்தராவது தேறணும்.”